ஒவ்வொரு கேனையும் திறந்து சோதியுங்கள்: மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரிகளுக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர்களுக்கும் வணக்கம்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சளிக்கும் காய்ச்சலுக்கும் சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் தயாரானது. அதன் எஸ்.ஆர்-13 பேட்ச்சைத் தமிழ்நாட்டு அரசின் சோதனைக்கூடம் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம்.

மருந்துத் தரச் சோதனைக் கூடங்களில் வேலை செய்யும் எங்களுக்கு, இந்த எண்ணைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. 48.6 சதவீதம் என்பது தவறுதலாகப் பட்ட மாசு அல்ல. மருந்தைக் கரைக்க ஊற்றிய திரவமே நஞ்சு. 5 மி.லி. அளவில் சுமார் 2.4 கிராம், 60 மி.லி. பாட்டில் முழுவதும் என்றால் 29 கிராம். வரம்புக்கு உட்பட்ட சிரப்பில் அதே 5 மி.லி.க்கு 5 மில்லிகிராம் கூடத் தாண்டக்கூடாது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை, எந்தச் சோதனையையாவது ஒரே ஒரு முறை ஒழுங்காகச் செய்திருந்தால் பிடித்திருக்கலாம். அந்தத் திரவத்தைக் கேனில் வாங்கியபோதும், சிரப் கலக்கியபோதும், பாட்டிலில் அடைத்தபோதும், அனுப்பியபோதும் யாரும் செய்யவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சிரப்புக்குள் இந்தத் திரவம் ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம். பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு மி.லி. தண்ணீரில் சுமார் 14 மி.கி.தான் கரையும். குழந்தைகள் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. வேண்டுமென்றால், ஒரு மி.லி.க்கு 25 மி.கி. கரைந்தாக வேண்டும். மிச்சத்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் கரைப்பானாகச் சேர்க்கிறார்கள். சார்பிட்டால் இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும் வருகிறது. மருந்துத் தரத்தில் வாங்கினால் இவை பாதுகாப்பானவை. ஆனால் இவற்றின் உறவுக்காரர்களான டைஎத்திலீன் கிளைகாலும் எத்திலீன் கிளைகாலும் பிரேக் ஆயிலுக்கும் வண்டி ரேடியேட்டருக்கும் உரியவை. விலையோ குறைவு. நிறம் இல்லை, மணம் இல்லை, கெட்டியாக இருக்கும், நாக்கில் இனிக்கும். கண்ணாலும் மூக்காலும் எவராலும் பிரித்தறிய முடியாது.

உடலுக்குள் போனதும் கல்லீரல் இவற்றை அமிலமாக மாற்றுகிறது. எத்திலீன் கிளைகாலிலிருந்து வருவது ஆக்சாலிக் அமிலம், அது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகமாகப் படிகிறது. டைஎத்திலீன் கிளைகாலிலிருந்து வரும் டைகிளைகாலிக் அமிலம் சிறுநீரக நுண்குழல்களின் செல்களையே கொல்கிறது. முதலில் வாந்தி, வயிற்று வலி. ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து நின்றுவிடும். பிறகு நரம்பு மண்டலம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த தாய்க்கு, வாந்தியும் சோர்வும் நோயின் குறியாகத்தான் தெரியும். இன்னொரு வேளை மருந்து கொடுப்பாள்.

இது புதிய நஞ்சு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றதில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நாடு மருந்துச் சட்டத்தை மாற்றியது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மாசுபட்ட கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். லெண்டின் ஆணையம் விசாரித்தது. 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் பாராசிட்டமால் சிரப், 1998-இல் குர்கானில் இருமல் சிரப், 2020-இல் ஜம்முவின் ராம்நகரில் மீண்டும் இருமல் சிரப். 2022-இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் என மூன்று நாடுகளில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். காம்பியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போன சிரப் இந்தியாவில் தயாரானது.

வணிகம் உலகமயமானதில் ஏழை நாடுகளுக்குக் கிடைத்த நன்மை உண்மையானது. எச்.ஐ.வி. மருந்து ஆப்பிரிக்காவில் எட்டும் விலைக்கு வந்தது இந்தியத் தொழிற்கூடங்களால்தான். அதை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனால் அதே வணிகப் பாதையில் ஒரு விபரீதம் இருக்கிறது. திரவம் ஒரு வழியில் போகிறது, அதைப் பற்றிய காகிதம் வேறொரு வழியில் போகிறது. இடையில் கைமாறும் ஒவ்வொருவரும் காகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

பனாமாவில் 2006-இல் நடந்ததைப் பாருங்கள். சீனத் தொழிற்சாலை ஒன்று 'டி.டி. கிளிசரின்' என்ற பெயரில் ஒரு திரவத்தை விற்றது. அந்த இரண்டெழுத்து 'மாற்று' என்ற பொருளுள்ள சீனச் சொல்லின் சுருக்கம். உண்மையான கிளிசரின் அல்ல என்று பெயரிலேயே இருந்தது. பெய்ஜிங் வணிக நிறுவனம், பிறகு பார்சிலோனா தரகர், பிறகு பனாமா இறக்குமதியாளர் என்று 46 டிரம் கைமாறியது. வழியில் 'டி.டி.' காணாமல் போனது, சான்றிதழில் 99.5 சதவீதத் தூய்மை என்று வந்தது, தயாரித்தவர் பெயர் மறைந்தது. மூன்று கண்டங்களைக் கடந்தும் ஒருவரும் டிரம்மைத் திறந்து சோதிக்கவில்லை. அதில் சிரப் கலக்கியது பனாமாவின் அரசுத் தொழிற்கூடம். அதற்குப் பத்தாண்டுக்கு முன் ஹைட்டியில் 1995–96-இல் குழந்தைகள் இறந்ததும் ஏறக்குறைய இதே பாதையில் வந்த கிளிசரினால்தான்.

இந்தோனேசியாவில் பாதை இன்னும் குறுகியது. 2021-இல் உலகச் சந்தையில் புரொப்பிலீன் கிளைகால் விலை ஏறியது, சரக்குக் கிடைக்கவில்லை. உள்ளூர் வியாபாரி ஒருவர் எத்திலீன் கிளைகால் டிரம்மில் பெயர்பெற்ற நிறுவனத்தின் லேபிளை ஒட்டி விற்றார். மருந்து நிறுவனம் வாங்கிய சில பேட்ச்களில் 96 முதல் 99 சதவீதம் எத்திலீன் கிளைகால் இருந்ததாக நீதிமன்றத்தில் வந்தது. சி.ஓ.ஏ. என்று நாம் எல்லோரும் சொல்லும் சோதனைச் சான்றிதழ் மட்டும் ஒழுங்காக இருந்தது.

இங்கே நமது சிறு தொழிற்கூடங்களில் நிலைமை என்ன? உற்பத்தியாளர் டிரம் 215 கிலோ. மாதம் இரண்டு மூன்று பேட்ச் போடும் கூடத்துக்கு அது அதிகம், அதற்கான முதலும் இல்லை. கெமிக்கல் வியாபாரியிடம் 50 கிலோ கேனாக வாங்குகிறார்கள். 215 கிலோ டிரம்மின் சீல் உடைந்து கேன் ஆவது வியாபாரியின் கிடங்கில். அதே கிடங்கில், அதே பம்பில், பெயிண்ட் கம்பெனிக்கும் பிசின் கம்பெனிக்கும் போகும் தொழில்தர கிளைகாலும் இருக்கிறது. கேனில் ஒட்டுவது டிரம்மோடு வந்த சான்றிதழின் ஜெராக்ஸ். சட்டப்படி மருந்துத் தரக் கரைப்பானும் மருந்துதான். அதைப் பிரித்து அடைக்கப் படிவம் 25-பி உரிமம் வேண்டும். எத்தனை கிடங்குகளில் அந்த உரிமம் இருக்கிறது என்று உங்கள் ஆய்வாளர்களை ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.

ஒரு கேன் நஞ்சானால் எத்தனை பாட்டிலுக்குப் போகும் என்று பாருங்கள். மருந்தில் 10 சதவீதம் கரைப்பான் என்று வைத்தால், 60 மி.லி. பாட்டிலுக்கு 6 கிராம். ஒரு 50 கிலோ கேனிலிருந்து சுமார் 8,300 பாட்டில் வரும். ஒரு டிரம்மிலிருந்து 35,000-க்கும் மேல்.

சோதனையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று சொல்கிறோம். இவையெல்லாம் ஆய்வின்போது பதிவேட்டைப் பார்த்தாலே தெரிபவை.

முதல் ஓட்டை, சாம்பிள் எடுப்பது. வந்த கேன்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு ஒன்றைக் கூட்டும் பழக்கம் பல கூடங்களில் இன்னும் இருக்கிறது. 25 கேன் வந்தால் 6 கேனைத் திறப்பார்கள். அதில் ஒன்று மட்டும் நஞ்சு என்றால், அந்தக் கேன் கையில் சிக்க வாய்ப்பு நூற்றுக்கு 24. தப்பிவிட வாய்ப்பு 76. ஒரே பேட்ச், ஒரே டிரம்மிலிருந்து வந்த சரக்கு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. பிரித்து ஊற்றிய கேனுக்கு அந்த உறுதி கிடையாது. அதனால் ஒவ்வொரு கேனும் திறக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, சாம்பிள்களைக் கலப்பது. பத்துக் கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே பாட்டிலில் கலந்து ஒரே சோதனை செய்வார்கள். ஒரு கேனில் 1 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தால் கலவையில் அது 0.1 சதவீதம் ஆகிவிடும். முடிவு 'பாஸ்'. வரம்பைப் போல் பத்து மடங்கு நஞ்சுள்ள கேன் பச்சை லேபிளோடு உள்ளே போகும்.

மூன்றாவது, தவறான சோதனையை நம்புவது. அடர்த்தி பார்ப்பது எளிது, 25 மி.லி. அடர்த்திக் குடுவையும் தராசும் போதும். புரொப்பிலீன் கிளைகால் என்றால் சுமார் 25.9 கிராம் நிற்கும், டைஎத்திலீன் கிளைகால் என்றால் 27.9 கிராம். முழுக்க மாற்றி ஊற்றிய கேனைப் பத்து நிமிடத்தில் இது காட்டிக்கொடுத்துவிடும். வாசலிலேயே ஒவ்வொரு கேனுக்கும் இதைச் செய்யவேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் இதில் தேறியதால் சரக்கு நல்லது என்று ஆகாது. மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அதிகாரப்பூர்வ நூலான தரநூல் தரும் அடர்த்தி வரம்பு 1.035 முதல் 1.040 வரை. 4 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்தாலும் அடர்த்தி சுமார் 1.039தான் வரும். அனுமதித்ததைப் போல் 40 மடங்கு நஞ்சு வரம்புக்குள் ஒளிந்துகொள்ளும். கிளிசரினுக்கும் இதே கதை. சரக்கு எது என்று உறுதிசெய்யும் பழைய அடையாளச் சோதனைகள் அதை டைஎத்திலீன் கிளைகாலிலிருந்து பிரித்துக் காட்டாததால்தான், அமெரிக்கத் தரநூல் 2009-இல் இந்த நஞ்சுக்கான வரம்புச் சோதனையை அடையாளச் சோதனையின் பகுதியாகவே ஆக்கியது.

உறுதியாகச் சொல்லக்கூடியது கேஸ் குரோமட்டோகிராஃப், நாம் ஜி.சி. என்று சொல்லும் இயந்திரம். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு முகடாகக் காட்டும். ஒரு மி.லி. மெத்தனாலில் 50 மி.கி. சரக்கைக் கரைத்து ஓட்டவேண்டும். ஒப்பீட்டுக் கரைசலில் இரண்டு நஞ்சும் மி.லி.க்கு 0.05 மி.கி. வீதம் இருக்கும். அதுதான் 0.1 சதவீதம். ஒரு ஓட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவு. கவனிக்க வேண்டியவை: புரொப்பிலீன் கிளைகாலும் எத்திலீன் கிளைகாலும் அருகருகே வெளிவரும், பெரிய முகட்டின் வாலில் சின்ன முகடு மறைந்துவிடாமல் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று ஒவ்வொரு நாளும் முதலில் பார்க்கவேண்டும். முடிந்த சிரப்பைச் சோதிக்கும்போது சர்க்கரைதான் எதிரி. ஊசி செலுத்தும் இடத்தின் சூட்டில் அது கருகி, அங்குள்ள லைனர் என்ற கண்ணாடிக் குழாயில் படிந்து, அடுத்தடுத்த ஓட்டங்களில் அளவைக் குறைத்துக் காட்டும். லைனரை மாற்றாமல் நாளெல்லாம் ஓட்டிய ஜி.சி. 'பாஸ்' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வுக்குப் போகும்போது அச்சிட்ட அறிக்கையைக் கேட்காமல் கணினியில் உள்ள மூலப் பதிவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் ஓடியது, முகட்டைக் கையால் திருத்தியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஜி.சி. இல்லாத கூடம் என்ன செய்யும்? சிலிக்கா தகட்டில் செய்யும் மெல்லடுக்குப் பகுப்பு மலிவானது. உலக சுகாதார நிறுவனமும் முதல் கட்டச் சல்லடையாக அதைத்தான் சொல்கிறது. சந்தேகம் வந்தால் ஜி.சி.க்கு அனுப்பலாம். ஆனால் நடைமுறையில் வெளிக்கூடத்துக்கு அனுப்பிய அறிக்கை வர நாளாகிறது, ஆர்டர் அவசரம் என்று அதற்குள் கேன் கலவைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. 'சோதனையில் உள்ளது' என்ற மஞ்சள் லேபிளோடு கேன் காலியாகிவிடும். அறிக்கைத் தேதியையும் பேட்ச் கலக்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வாளர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கூடத்தின் பேட்ச் பதிவேடுகளின்படி ஆறு மாதத்தில் 400 கிலோ புரொப்பிலீன் கிளைகால் செலவாகியிருக்கிறது என்று வையுங்கள். மருந்துத் தரச் சரக்கு வாங்கிய பில் 250 கிலோவுக்குத்தான் இருக்கிறது. மீதி 150 கிலோ எங்கிருந்து வந்தது? ஜி.எஸ்.டி. பில்லும் பேட்ச் பதிவேடும் ஒரு பேனாவும் இருந்தால் போதும், இந்தச் சோதனைக்கு இயந்திரமே வேண்டாம்.

இனி எங்கள் கோரிக்கைகள். முதலாவதும் முக்கியமானதும் இது. காம்பியாவுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புக்கு அரசுச் சோதனைக்கூடத்தின் சான்றிதழ் கட்டாயம் என்று மத்திய அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அது பொருந்தவில்லை. அதே கூடம், அதே தொட்டி, அதே கேன். கப்பலேறும் பாட்டிலுக்கு அரசுக்கூடத்தின் ஒரு கண், சிந்த்வாரா மாவட்டத்துப் பராசியாவுக்கு லாரியேறும் பாட்டிலுக்கு அந்தக் கண் இல்லை. குழந்தைகளுக்கான எல்லா வாய்வழித் திரவ மருந்துக்கும், ஏற்றுமதி உள்நாடு என்ற வேறுபாடு இன்றி, பேட்ச்சுக்குப் பேட்ச் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். அறிக்கை வரும்வரை பேட்ச் வெளியே போகக்கூடாது.

அரசுக்கூடங்களால் இவ்வளவையும் தாங்க முடியாது என்று சொல்வீர்கள். உண்மைதான். அதனால்தான் தொகுப்புக்கு ஒரு ஜி.சி. என்கிறோம். தமிழ்நாட்டின் ஆலத்தூர், இமாச்சலத்தின் பத்தி, குஜராத்தின் அங்கலேஷ்வர் போல மருந்துக் கூடங்கள் நெருங்கியிருக்கும் இடங்களில் பொதுச் சோதனைக்கூடம் அமைத்து, ஒரு கேனுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, 48 மணி நேரத்தில் அறிக்கை கொடுங்கள். தனியாக இயந்திரம் வாங்க முடியாத சிறு உற்பத்தியாளருக்கு அதற்குப் பிறகு சாக்கு இருக்காது. நேர்மையாகத் தொழில் செய்யும் சிறு கூடங்களையும் அது காப்பாற்றும். அவர்களே பெரும்பான்மை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

வாய்வழித் திரவ மருந்துக்கு, உற்பத்தியாளர் சீல் உடையாத டிரம்மில் மட்டுமே கரைப்பான் வாங்கவேண்டும் என்று விதி செய்யுங்கள். 215 கிலோ அதிகம் என்றால் உற்பத்தியாளரே சிறு கொள்கலனில் சீல் வைத்துத் தரட்டும். விலை சற்றுக் கூடும். பாட்டிலுக்கு 6 கிராம் கரைப்பானில் அந்த வேறுபாடு சில காசுகள்தான்.

ஆய்வாளர் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 50 உற்பத்திக் கூடங்களுக்கு ஒருவர், 200 விற்பனைக் கடைகளுக்கு ஒருவர் என்று, மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய மத்திய அரசு அமைத்த மாஷேல்கர் குழு 2003-இலேயே பரிந்துரைத்தது. அந்த எண்ணிக்கையை உங்கள் மாநிலம் எட்டியிருக்கிறதா என்று வெளியிடுங்கள்.

மருந்தே தேவையில்லாத இடத்தில் மருந்து போவதும் இதில் சேர்த்தி. 2023 டிசம்பரில் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை லேபிளில் வரவேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். 2025 அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் சிரப் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அறிவுறுத்தியது. லேபிளின் சின்ன எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை மருந்துக்கடைக்காரர் கண்ணுக்கே எட்டுவதில்லை. அதை அவரவர் மொழியில், பாட்டிலின் முன்பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

காம்பியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் அந்த நாட்டில் மருந்தைச் சோதிக்கத் தேசியக் கூடம் இருக்கவில்லை. குழந்தைகள் இறந்த பிறகு பாட்டில்கள் வெளிநாடுகளுக்குப் பறந்துதான் விடை வந்தது. அத்தகைய நாடு நாம் கொடுக்கும் சான்றிதழை மட்டுமே நம்பி மருந்து வாங்குகிறது. அந்த நாட்டின் சோதனைக்கூடமும் நாமே என்ற நிலை. ஆகவே இங்கே ஒரு பேட்ச் தோற்றால், அதே கூடம் எந்தெந்த நாட்டுக்கு எந்தெந்த பேட்ச் அனுப்பியது என்ற பட்டியலை அன்றே அந்த நாடுகளுக்கு அனுப்புங்கள், அன்றே இணையத்திலும் போடுங்கள். விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பாட்டில் திறந்திருக்கும்.

கடைசியாக மருத்துவமனைகள். சிந்த்வாராவில் செப்டம்பர் தொடக்கத்தில் மரணங்கள் தொடங்கின. சிரப்பில் என்ன இருக்கிறது என்பது அக்டோபர் தொடக்கத்தில்தான் தெரிந்தது. தமிழ்நாட்டுக்குத் தகவல் வந்தபின் சோதனைக்கூடம் ஓரிரு நாளில் விடை சொல்லிவிட்டது. தாமதம் ஆய்வுக்கூடத்தில் இல்லை, கேள்வி கேட்கப்படும் வரையில்தான். ஒரே வட்டாரத்திலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் புரியாத சிறுநீரகச் செயலிழப்போடு வந்தால், குழந்தை மருத்துவர் அன்றே மாவட்ட மருந்து ஆய்வாளரை அழைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலை, காலி என்றாலும், மூடியோடும் லேபிளோடும் கொண்டுவரச் சொல்லவேண்டும். அடியில் ஒட்டிய இரண்டு மி.லி. போதும் எங்களுக்கு. இந்த நஞ்சு அமிலமாக மாறுவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. சிறுநீரகம் கெடுமுன் கொடுத்தால்தான் முழுப் பயன். டயாலிசிஸ் வசதியுள்ள அரசுக் குழந்தைகள் மருத்துவமனைகளிலாவது அதை இருப்பில் வையுங்கள். எந்த மருத்துவமனையில் எத்தனை குப்பி இருக்கிறது என்ற பட்டியல் மாவட்ட மருத்துவ அதிகாரி ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்துத் தரச் சோதனைப் பணியில் உள்ள வேதியியலாளர்கள் சிலர்